கிளி பார்த்த பக்கம்

எங்கள் குடியிருப்பில் யாராவது ஒரு செய்தி சொல்ல ஆரம்பித்தால் மூன்றாவது மாடிக்காரர் தன் கையிலிருக்கும் காபி டம்ளரைக் கீழே வைத்துவிடுவார். குறுக்கே பேச மாட்டார், சிரிக்கவும் மாட்டார். சொல்லி முடித்த பிறகு, "இதைக் கண்ணுல பாத்தவங்க யாருங்க?" என்பார். மைத்துனி சொன்னாள் என்று பதில் வரும். "அவங்களுக்கு யாருங்க சொன்னது?" என்பார். பெரும்பாலான செய்திகள் அந்த இடத்திலேயே செத்துப்போகும்.

ஹைதராபாத்தில், ஹப்சிகுடாவில் அப்போது நாங்கள் இரண்டாவது மாடியில் இருந்தோம். அவரும் மனைவியும் மூன்றாவது மாடி. திருப்பூர்க்காரர். ஜீடிமெட்லாவில் ஒரு மருந்து கம்பெனியில் தரம் பார்க்கிற பிரிவில் வேலை. சந்தேகம் வந்தால் ஒரு லாட் மாத்திரையையே நிறுத்தி வைக்கிற அதிகாரம் அவருக்கு உண்டு என்று அவர் மனைவி பெருமையாகச் சொல்வார். வீட்டுக்கு வந்த பிறகும் அந்த வேலையைத்தான் செய்கிறார் என்று நாங்கள் கேலி செய்வோம்.

குடியிருப்பிலிருந்த தமிழ்க் குடும்பங்களுக்கென்று ஒரு வாட்ஸப் குழு இருந்தது. காலையில் பூப்படமும் சாயங்காலம் பயமுறுத்தலும் வரும். உடுப்பைப் பற்றி எது வந்தாலும் அவர் தனி உற்சாகத்தோடு இறங்குவார். அவர் அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனி கட்டிங் மாஸ்டராக இருந்தவராம். துணி விஷயத்தில் தன்னிடம் கதை விட முடியாது என்பது அவர் எண்ணம். அது உண்மையும்தான்.

ஆண்கள் சட்டை முதுகில் ஒரு சின்னத் துணி வளையம் இருக்குமே, அதை வெட்டியெடுத்துவிட்ட பையனுக்கு ரகசியமாக ஒரு காதலி இருக்கிறாள் என்று ஒரு வீடியோ வந்தது. நான்காவது மாடி அம்மா தன் மகன் சட்டைகளையெல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டு அழுதுகொண்டே இவரிடம் வந்தார். இவர் தன் சட்டை ஒன்றை எடுத்துவந்து அந்த வளையத்தால் அதை ஆணியில் மாட்டிக் காட்டினார். "இதுக்குத்தானுங்க வெச்சது. தம்பிக்கு முதுகுல உறுத்தியிருக்கும், வெட்டியிருப்பான்." அந்த அம்மா நிம்மதியாகக் காபி குடித்துவிட்டுப் போனார்.

இன்னொரு தடவை, குழந்தைகளுடைய பனியனில் சீன எழுத்து இருந்தால் அது சாபம் என்று கிளம்பியது. ஒரு பெண் தன் மகனுடைய பனியனை மொட்டைமாடியில் கொளுத்தப் போய்விட்டாள். அவர் ஓடிப்போய் அதை வாங்கி, போட்டோ எடுத்து, தன் கம்பெனிக்கு மூலப்பொருள் அனுப்புகிற சீனக்காரர் ஒருவருக்கு அனுப்பினார். பதில் வரும்வரை பனியனைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். 'ஞாயிற்றுக்கிழமை வெயில் நன்றாக இருக்கிறது' என்று எழுதியிருக்கிறதாம். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்தப் பையனுக்கு அதே பனியனைத்தான் போட்டுவிட்டார்கள்.

இதையெல்லாம் நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. அவர் எங்கள் எல்லோருக்கும் ஒரு தைரியம். என் கணவர் வேலை காரணமாக மாதத்தில் பாதி நாள் விசாகப்பட்டினத்தில் இருப்பார். பயப்படும்படி ஏதாவது கேள்விப்பட்டால் நான் மூன்றாவது மாடிக்குத்தான் ஏறுவேன்.

ஒரு விஷயம் மட்டும் அப்போதே கொஞ்சம் உறுத்தியது. எங்கள் இரண்டு வீட்டிலும் சமையல் செய்த அம்மா, சல்வாரில் கறுப்பு நாடா கோத்தால் வீட்டுக்கு ஆகாது என்று ஒருநாள் சொன்னார். மூன்றாவது மாடிக்காரர் விடவில்லை. யார் சொன்னது, அவருக்கு யார் சொன்னது என்று கேட்டுக் கேட்டு, போன் போட வைத்து, கடைசியில் அந்த அம்மாவின் சொந்த நாத்தனார்தான் வேண்டுமென்றே கட்டிவிட்ட கதை என்று கண்டுபிடித்தார். நாத்தனார் வீட்டோடு அந்த அம்மாவுக்குப் பேச்சுவார்த்தை நின்றுபோனது. சமையலறையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றவரைத் தாண்டி வந்து, "கண்டுபிடிச்சாச்சுங்க" என்று என்னிடம் சொன்னார். அவர் முகத்தில் இருந்தது சந்தோஷம்தான்.

இனி என் தங்கை ஷீபாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் அப்பா லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர். நாங்கள் இரண்டு பேரும் செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். அம்மாவும் அப்பாவும் போன பிறகு ஷீபா என்னோடு இருந்தாள். என்னைவிட ரொம்பச் சின்னவள். அல்வாலில் ஒரு கண் மருத்துவமனையில் வரவேற்பில் உட்கார்ந்திருந்தாள். வருகிற நோயாளியின் பாஷையிலேயே பேசுவாள். வீட்டில் தமிழ் பேசினாலும் பாதி தெலுங்காகவும் உருதுவாகவும்தான் இருக்கும்.

நாங்கள் கிறிஸ்தவர்கள். ஆனாலும் மொட்டைமாடிப் பொங்கலுக்கு எல்லாக் குடும்பமும் போகும். அந்த வருஷம் ஷீபா ஜெனரல் பஜாரில் வாங்கிய ஒரு நீலக் குர்தி போட்டுக்கொண்டு வந்தாள். இடது தோளில் பச்சை நூலில் சின்னதாக ஒரு கிளி. பானைக்குப் பக்கத்தில் கரண்டியோடு நின்று சிரித்தாள். எல்லோரும் போட்டோ எடுத்தார்கள். எல்லாம் குழுவுக்கு வந்தது.

சில வாரம் கழித்து அந்த வீடியோ வந்தது. தெலுங்கில் ஒன்று, இந்தியில் ஒன்று. கடைகளில் விற்கிற கிளிக் குர்திகளுக்கு ரகசிய அர்த்தம் இருக்கிறதாம். கிளி கழுத்துப் பக்கம் பார்த்தால் குடும்பப் பெண். கைப்பக்கம் பார்த்தால் கூப்பிட்டால் வருகிறவள். இதைத் தெரிந்தவர்களுக்குத் தெரியுமாம்.

அவர் வழக்கம்போல் இறங்கினார். ஜெனரல் பஜாருக்கே போய் மொத்த வியாபாரியைக் கேட்டுவிட்டு வந்து குழுவில் எழுதினார். எம்ப்ராய்டரி மெஷினில் ஒரே டிசைன்தான் இருக்கிறது, துணியை எந்தப் பக்கமாக மாட்டுகிறார்களோ அந்தப் பக்கம் கிளி பார்க்கும், அவ்வளவுதான் என்று. எல்லோரும் கட்டைவிரலை உயர்த்தினார்கள். நான் படித்துச் சொன்ன பிறகு ஷீபாவும் உயர்த்தினாள். அவள் கிளி கைப்பக்கம்தான் பார்த்தது. "என் கிளி வேடிக்கை பாக்குதுக்கா, அதுக்கு வேற வேலை இல்ல" என்று சிரித்தாள்.

அடுத்த வாரமே அவள் போட்டோ வந்தது. பொங்கல் பானை, கரண்டி, சிரிப்பு. தோளில் இருந்த கிளியைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். முதல் மாடிப் பெண்ணுக்கு அல்வாலில் இருக்கிற சொந்தக்காரர் அனுப்பியிருந்தார். அவள் கதவைச் சாத்திவிட்டு என்னிடம் காட்டினாள். அவள் போனையே வாங்கிக்கொண்டேன். உடனே மேலே போய் அவரிடம் சொன்னேன். டம்ளரை வைத்துவிட்டு, போனை வாங்கி ரொம்ப நேரம் அந்தப் படத்தையே பார்த்தார்.

ஷீபாவுக்கு அதற்குள் தெரிந்துவிட்டது. மருத்துவமனையில் கண்ணுக்குச் சொட்டு மருந்து போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒருவனுடைய போனில் அவளே பார்த்திருக்கிறாள். போனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தானாம். பஸ்ஸில் இரண்டு பேர் பின்னால் உட்கார்ந்து கிளி மாதிரி விசிலடித்திருக்கிறார்கள். மருத்துவமனை மேனேஜர், கொஞ்ச நாள் லீவில் இரு, அடங்கட்டும் என்று சொல்லியிருக்கிறார். நல்ல மனிதர்தான். ஆனால் அந்த லீவுக்கு முடிவு சொல்லவில்லை. ஷீபா குர்தியைத் துவைத்து, மடித்து, பீரோவின் அடியில் வைத்தாள். கிழித்துப் போடு என்றேன். "நக்கோக்கா. கைக்கு கிழிக்கணும்? அது என்ன பண்ணிச்சு?" என்றாள். வேண்டாம் என்பதும் ஏன் என்பதும் அவளுக்கு உருதுவில்தான் வரும்.

அவர் அன்று எங்கள் வீட்டுக்கு வந்து ஹாலில் உட்கார்ந்தார். "இது எங்க ஆரம்பிச்சுதுன்னு நான் கண்டுபிடிக்கிறேனுங்க அம்மிணி" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. என் கணவரே, அடங்கிவிடும், விடு என்றுதான் போனில் சொல்லியிருந்தார். போலீஸ் ஸ்டேஷனுக்கு மூன்றாவது மாடிக்காரர்தான் கூட வந்தார். அவருக்குத் தெலுங்கு தடுமாறும், நான்தான் எடுத்துச் சொன்னேன். புகாரை வாங்கிக்கொண்டார்கள். வெளியே வந்து, அவர்கள் பார்க்கிறபடி பார்க்கட்டும், நாம் நம் வழியில் பார்ப்போம் என்றார்.

அவர் வழி எனக்குத் தெரியுமே. முதல் மாடிப் பெண்ணின் சொந்தக்காரரிடமிருந்து ஆரம்பித்தார். அவருக்கு யார் அனுப்பியது, அந்த ஆளுக்கு யார். ஒவ்வொருவராகப் போன் செய்தார். பேச மறுத்தவர்களை நேரில் போய்ப் பார்த்தார். சில இடங்களுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அல்வாலில் ஒரு செருப்புக்கடை, பொல்லாரத்தில் ஒரு டியூஷன் வாத்தியார். அவர் கேட்கிற விதத்தில் யாருக்கும் கோபம் வராது. "உங்களக் குத்தம் சொல்ல வரலீங்க. உங்களுக்கு எங்கேர்ந்து வந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க" என்பார். வெட்கப்பட்டுச் சொல்லிவிடுவார்கள். சாயங்காலம் எங்கள் ஹாலுக்கு வந்து அன்றைக்கு எதுவரை போனது என்று ஷீபாவிடம் சொல்வார். அவள் டீ போட்டுக் கொடுப்பாள். அந்த நாட்களில் அவள் சாப்பிட்டது அவர் வந்து போன பிறகுதான்.

கடைசியில் ஜீடிமெட்லாவில் ஒரு பஸ் டிரைவர்வரை வந்தது. அங்கே என்னை வர வேண்டாம் என்றார். முரட்டு ஆட்கள், தான் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னார். போனவர் முகம் வாடித் திரும்பி வந்தார். அந்த ஆள் எல்லாவற்றையும் அழித்துவிட்டானாம். யார் அனுப்பியது என்று அவனுக்கு நினைவில்லையாம்.

"இதுக்கு மேல போகாதுங்க அம்மிணி" என்றார். தலையைக் குனிந்துகொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். ஷீபாதான் அவருக்கு ஆறுதல் சொன்னாள். பரவாயில்லைண்ணா, நீங்கள் இவ்வளவு தூரம் அலைந்ததே போதும் என்றாள்.

சில நாளில் அவள் பெங்களூருக்குப் போய்விட்டாள். அங்கே ஒரு தோழி இருந்தாள், ஒரு பல் மருத்துவமனையில் வேலை கிடைத்தது. பிறந்து வளர்ந்த ஊரை விட்டுப் போகிறபோது ஸ்டேஷனில் அவள் அழவில்லை. ரயில் கிளம்பும் முன்னால், "இந்த ஊர்ல எனக்குன்னு நின்னது அண்ணா ஒருத்தர்தான்க்கா. அவரப் பாத்துக்கோ" என்றாள். சரி என்றேன்.

மழைக்காலம் முடிந்தபோது அல்வாலில் ஒரு ஞானஸ்நான விருந்துக்குப் போயிருந்தேன். பந்தியில் எதிரே உட்கார்ந்திருந்த ஒருவர் என்னையே பார்த்தார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவுகிற இடத்தில் பக்கத்தில் வந்து நின்றார். வயதானவர், எங்களைப் போலவே பழைய ரயில்வே குடும்பம்.

"அம்மா, நீங்க ஒர்க்‌ஷாப்காரர் மக தானே? அந்தக் கிளிப் பொண்ணோட அக்கா?"

நான் குழாயை மூடினேன்.

"நான்தான்மா அந்த பஸ் டிரைவர். எம்மேல தப்பு இருக்கு. கீழ எழுதியிருந்தத விட்டுட்டு படத்த மட்டும் மச்சானுக்கு அனுப்பிட்டேன். சார் நல்லாத்தான் எழுதியிருந்தாரு."

எந்த சார் என்று கேட்டேன். அவர் ஆச்சரியமாக என்னைப் பார்த்தார். உங்கள் பில்டிங் சார்தான் என்றார். அவர் ஓட்டுவது அந்த மருந்து கம்பெனி பஸ். பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஒரு குழு இருக்கிறது. கிளி வீடியோவைப் பற்றி அதில் வாக்குவாதம் வந்திருக்கிறது. சார் சொன்னதை ஒருவன் ஒப்புக்கொள்ளவில்லை. அப்போதுதான் அவர் அந்தப் படத்தைப் போட்டு எழுதினாராம். எழுதியது டிரைவருக்கு ஏறக்குறைய மனப்பாடமாக இருந்தது. 'இது எங்கள் பில்டிங் பெண். ரயில்வேக்காரர் மகள். ஒழுக்கமான குடும்பம். கிளி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பாருங்கள். இப்போது சொல்லுங்கள், வீடியோ பொய்தானே?'

"அந்தச் சிவப்பு வட்டம்?"

"ஹவ் மா, ஆமா, அதுவும் அவர் போட்டதுதான்."

பிறகு, சார் வந்து கேட்டுக்கொண்டதால்தான் நினைவில்லை என்று சொன்னதாகச் சொன்னார். யார் கேட்டாலும் அப்படியே சொல், உனக்கு ஒன்றும் ஆகாது என்றாராம். "எனக்கு ஒண்ணும் ஆகலைமா. அதான் தூக்கம் வரல" என்றார். என் கைகள் ஈரமாகவே இருந்தன. துண்டு எங்கே இருக்கிறது என்று தேடத் தோன்றவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது ஆட்டோவில் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. செருப்புக்கடை, டியூஷன் வாத்தியார், போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சு. ஒவ்வொரு இடத்திலும் பக்கத்தில் இருந்தார். ஆரம்பம் எங்கே என்று தெரிந்துகொண்டே தேடியிருக்கிறார். எங்கள் ஹாலில் உட்கார்ந்து, அவள் போட்ட டீயைக் குடித்துக்கொண்டு, இன்றைக்கு இதுவரை வந்தது என்று சொல்லியிருக்கிறார். கூடவே வந்தது எங்களுக்காகவா, அந்தப் பாதை எங்கே போய் முடிகிறது என்று காவல் இருப்பதற்காகவா? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. இரண்டும்தானோ என்னவோ.

நேரே மூன்றாவது மாடிக்குப் போனேன். அவர் மனைவி வீட்டில் இல்லை. அவர் சட்டைகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அந்த வேலையை யாருக்கும் விடமாட்டார்.

"அந்த வட்டத்தப் போட்டது நீங்களாண்ணா?"

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். சுவிட்சை அணைத்தார்.

"கிளி சின்னதுங்க அம்மிணி. வட்டம் போடாட்டி கண்ணுக்குத் தெரியாது."

நான் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் பேசினார். நல்லதற்குத்தான் செய்தாராம். அவளைப் போன்ற ஒரு பெண்ணைக் காட்டினால் வாயை மூடுவார்கள் என்று நினைத்தாராம். எழுத்தை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் அனுப்புவார்கள் என்று எண்ணவில்லையாம். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா என்றேன். அவர் இஸ்திரிப் பெட்டியின் ஒயரைச் சுற்றினார். போகட்டும், முதல் நாளே, நான்தான் போட்டேன், இதற்காகத்தான் போட்டேன் என்று ஊரறியச் சொல்லியிருக்கலாமே என்றேன். அந்த ஒரு வரி போதுமே, அவள் தலை நிமிர்ந்து வேலைக்குப் போயிருப்பாளே.

"சொல்லலாமுன்னுதானுங்க மொத நாள் கீழ வந்தேன்" என்றார். "பாப்பா கதவத் திறந்து, அண்ணா வந்துட்டீங்களான்னு கேட்டுச்சு. வாய் வரலீங்க." கொஞ்ச நேரம் சட்டையின் காலரைத் தடவிக்கொண்டிருந்தார். "அதுமட்டுமில்லீங்க. நானே அனுப்புனேன்னு தெரிஞ்சா, அப்புறம் நான் எதைப் பொய்யின்னு சொன்னாலும் யாருங்க கேப்பாங்க?"

உண்மையாகவே அதை ஒரு நியாயமாக நினைத்துச் சொன்னார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு அது புரிந்தது. 

"பாப்பாகிட்ட சொல்லிட்டீங்களா?"

இல்லை என்றேன்.

"தப்புத்தானுங்க" என்றார். அதை இஸ்திரிப் பெட்டியைப் பார்த்துத்தான் சொன்னார். நான் எழுந்து கீழே வந்துவிட்டேன்.

குழுவில் எழுதிவிடலாம் என்று எத்தனையோ தடவை போனை எடுத்தேன். எழுதினால் அந்தப் படத்தைப் பற்றி மறுபடியும் பேச்சு வரும். அப்போதுதான் அடங்கியிருந்தது. ஷீபாவிடமாவது சொல்லலாம் என்றால், ஒவ்வொரு முறை போனில் பேசும்போதும் அண்ணா எப்படி இருக்கிறார் என்று கேட்டாள். அவளுக்கு அந்த ஊரில் மிஞ்சியிருந்தது அந்த ஒரு நினைப்பு. அதையும் பிடுங்க எனக்கு மனம் வரவில்லை. பிறகு அவர் ஓய்வுபெற்றுத் திருப்பூருக்கே போய்விட்டார். இதை இப்போது தமிழில் எழுதுகிறேன். ஷீபாவுக்குத் தமிழ் படிக்க வராது.

ஊரை விட்டுப் போன அதே வருஷம் கிறிஸ்துமஸுக்கு அவள் பெங்களூரிலிருந்து வந்தாள். வந்ததும் முதல் வேலையாக மேலே போய் அவரையும் அவர் மனைவியையும் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டு வந்தாள். நான் என்ன சொல்லித் தடுப்பது? வந்தார்கள். ஹாலில், எப்போதும் உட்கார்கிற இடத்தில் அவர் உட்கார்ந்தார். ஷீபா உள்ளே போய் ஒரு பொட்டலத்தை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தாள். வெளிர் சாம்பல் நிறத்தில் ஒரு சட்டை. முதல் சம்பளத்தில் வாங்கி வைத்திருந்தாளாம்.

"எதுக்கு பாப்பா இதெல்லாம்" என்றார்.  திருப்பித் தந்துவிடுவார் என்று நான் ஒரு கணம் நினைத்தேன். இப்போதாவது வாயைத் திறப்பார் என்றும் நினைத்தேன். அவர் என்னைப் பார்த்தார். நான் சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்துவைத்துக்கொண்டிருந்தேன்.

"போட்டுக் காட்டுங்கண்ணா" என்றாள் ஷீபா.

பக்கத்து அறைக்குப் போய்ப் போட்டுக்கொண்டு வந்தார். தோளும் கையும் அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியிருந்தன. மேல் பொத்தானை மட்டும் போட மறந்திருந்தார். ஷீபா அதைப் போட்டுவிட்டு, ஓரடி தள்ளி நின்று பார்த்தாள்.

"நல்லா இருக்கில்லக்கா?" என்று என்னிடம் கேட்டாள்.

நல்லா இருக்கு என்றேன்.